முதல் பில்டு: பக்கத்து இருக்கையில் ஆள் இல்லாதபோது

லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளைத் தமிழ் இடைமுகத்தோடு பயன்படுத்தும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஓர் உரையாடல் பெட்டியில் பொத்தானின் பெயர் பாதியிலேயே வெட்டுப்பட்டு நிற்கிறது. ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடிகிற சொல் தமிழில் பன்னிரண்டு எழுத்துப் பிடிக்கும். பெட்டியை வரைந்தவர் இதை யோசித்திருக்க மாட்டார். நம்மவருக்கு நிரல் எழுதத் தெரியும். மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. எந்தக் கோப்பில் எந்த வரி என்றுகூடத் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறார். திருத்த அரை நிமிடம் போதும். ஆனால் திருத்தியது திரையில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க, முழு லிப்ரே ஆபிஸையும் தன் மடிக்கணினியில் பில்டு செய்ய வேண்டும் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு ஆரம்பிக்கிறார். ஞாயிறு மாலை ஏதோ ஒரு பிழைச் செய்தியோடு எல்லாம் நின்றுபோகிறது. திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடுகிறார். அந்தப் பொத்தான் இன்னும் வெட்டுப்பட்டேதான் இருக்கிறது.

இப்படித் திரும்பிப் போனவர்களின் கணக்கு எந்தத் திட்டத்திடமும் இல்லை. பேட்ச், அதாவது திருத்தத் துண்டு, அனுப்பியவரின் பெயர், நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் வரலாற்றில் நிற்கும். அனுப்ப முடியாமல் போனவர் ஒரு தடயமும் விடாமல் போய்விடுவார். அதனால்தான் பழைய ஆட்களுக்குப் பில்டு ஒரு பிரச்சினையாகவே கண்ணில் படுவதில்லை. அவர்களுக்கு அது ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.

பில்டு என்றால் என்ன என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். மனிதர் எழுதிய சி++ கோப்புகளைக் கம்பைலர் ஒவ்வொன்றாக எடுத்து இயந்திர மொழிக்கு மாற்றும். அப்படி வந்த ஆயிரக்கணக்கான துண்டுகளை லிங்கர் ஒன்றுசேர்த்து லைப்ரரிகளாகவும் ஓடக்கூடிய நிரலாகவும் ஆக்கும். படங்கள், மொழிபெயர்ப்புகள், உதவிப் பக்கங்கள் எல்லாம் அவற்றுக்குரிய இடத்தில் போய் உட்கார வேண்டும். எது முதலில், எது அடுத்து, எது மாறினால் எதை மறுபடி செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் பில்டு அமைப்பின் வேலை. கல்லூரியில் ஒரே கோப்பை எழுதி ஒரே கட்டளையில் ஓட்டிப் பழகியவருக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே தெரிந்திருக்காது. பாடத்திட்டத்திலும் பெரும்பாலும் கிடையாது.

இந்த வேலைக்கு முதலில் பரவலான கருவி மேக். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. அது பிறந்த கதையே இந்தக் கட்டுரைக்குப் பொருத்தமானது. ஸ்டீவ் ஜான்சன் என்ற சக ஊழியர் ஒருநாள் அவர் அறைக்குள் எரிச்சலோடு நுழைந்தார். ஒரு காலைப்பொழுது முழுக்க அவர் ஒரு நிரலில் பிழை தேடியிருக்கிறார். உண்மையில் பிழையை ஏற்கெனவே திருத்தியாகிவிட்டது. திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யத்தான் மறந்திருக்கிறார். பழைய துண்டையே லிங்கர் திரும்பத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருந்தது. மாறிய கோப்பு எது என்று நேரத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, அதை மட்டும் மறுபடி செய்யும் கருவி அங்கிருந்துதான் வந்தது. கம்பைலர் எழுதுபவர்களுக்கு உதவும் யாக் போன்ற கருவியை எழுதிய மேதையே ஒரு காலையை இப்படித் தொலைத்திருக்கிறார் என்றால், புதிதாக வந்தவர் இரண்டு நாளைத் தொலைப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மேக் கோப்பில் கட்டளை வரிகள் டேப் எழுத்தோடுதான் தொடங்க வேண்டும், வெற்றிடம் போட்டால் செல்லாது என்ற பழைய தொல்லையும் அங்கிருந்து வந்ததுதான். அது சங்கடமான ஏற்பாடு என்று ஃபெல்ட்மனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள், அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்த டஜன் பேருக்காக உலகமே இன்றுவரை டேப் தட்டுகிறது.

மேக் வந்த பிறகும் ஒரு சிக்கல் மீதி இருந்தது. ஒரே மூலநிரலை வெவ்வேறு யூனிக்ஸ் இயந்திரங்களில் கம்பைல் செய்யும்போது ஒன்றில் இருக்கும் லைப்ரரி இன்னொன்றில் இருக்காது. இயந்திரத்தையே கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆட்டோகான்ஃப் 1991இல் வந்தது. டெர்மினலில் சரசரவென்று ஓடும் “இது இருக்கிறதா, ஆம், அது இருக்கிறதா, இல்லை” வரிகள் அதனுடையவைதான். ஆக, பெரிய திட்டம் எதை எடுத்தாலும் இயந்திரத்தை விசாரிப்பது ஒரு அடுக்கு, வெளியிலிருந்து வேண்டிய லைப்ரரிகளைக் கொண்டுவருவது இன்னொன்று, வரிசைப்படி கம்பைல் செய்வது மற்றொன்று. பிழை வந்தால் எந்த அடுக்கில் வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. அதைப் பழைய ஆட்கள் யோசிக்காமலே செய்வார்கள். புதியவருக்கோ எல்லாம் ஒரே கறுப்புத் திரையில் ஓடும் ஒரே எழுத்துக் குவியல்.

லிப்ரே ஆபிஸை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. உள்ளே இருப்பவர்களுக்காகக் கட்டப்பட்ட ஒரு பில்டு அமைப்பு, வெளியிலிருந்து வருபவர்களுக்கானதாக மாற எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதன் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. மார்கோ போரிஸ் 1985இல் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தின் ஸ்டார் ஆபிஸ்தான் மூலம். 1999இல் சன் நிறுவனம் அதை வாங்கியது. 2000இல் ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரில் மூலநிரலை வெளியிட்டது. அப்படித் திறந்தபோது வெளியே வந்தது பதினைந்து வருட அலுவலகப் பழக்கம். நிரலில் குறிப்புகள் பல இடங்களில் ஜெர்மன் மொழியில் இருந்தன. அடைவுகளின் பெயர்கள் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சுருக்கங்கள். எஸ்-டபிள்யூ என்றால் ஸ்டார் ரைட்டர், எஸ்-சி என்றால் ஸ்டார் கால்க், எஸ்-டி என்றால் ஸ்டார் டிரா. எஸ்-ஏ-எல், வி-சி-எல் என்று இன்னும் நூற்றுக்கு மேல் உண்டு. பக்கத்து இருக்கைக்காரரிடம் “இது என்னப்பா?” என்று கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும் விஷயம். அதனால் யாரும் எழுதி வைக்கவில்லை.

பில்டு முறையும் அதே ரகம். வழக்கமான மேக் கிடையாது. டிமேக் என்ற, வெளியே அதிகம் பேர் பார்த்திராத ஒரு வகை. அதற்கு மேலே ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட், நிரலின் தனித்தனிப் பகுதிகளான மாட்யூல்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் போய் டிமேக்கைத் தனித்தனியாக ஓட்டும். ஒரு மாட்யூல் முடிந்ததும், அதன் விளைவுகளை இன்னொரு ஸ்கிரிப்ட் ஒரு பொது அடைவில் கொண்டுபோய் “டெலிவர்” செய்யும். அந்தப் பொது அடைவுக்கு சால்வர் என்று பெயர். அடுத்த மாட்யூல் தனக்கு வேண்டியதை சால்வரிலிருந்து எடுத்துக்கொள்ளும். சால்வர் ஏற்கெனவே நிரம்பியிருக்க, ஒருவர் தன் மாட்யூலை மட்டும் மறுபடி மறுபடி செய்துகொண்டிருக்கும் சூழலில் இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடும். எதுவும் இல்லாத கணினியில் முதலிலிருந்து தொடங்குபவருக்கு? டெலிவர் செய்ய மறந்துவிட்டால், ஜான்சனின் அதே பழைய கதைதான்: திருத்தினோம், ஆனால் எதுவும் மாறவில்லை.

தனித்தனியாக மேக்கை ஓட்டும் இந்த வழக்கத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. பீட்டர் மில்லர் என்பவர் 1990களின் கடைசியில் ஒரு கட்டுரையில் இதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு அடைவிலும் ஓடும் மேக்குக்கு அந்த அடைவு மட்டும்தான் தெரியும். முழு மரத்தையும் ஒருவரும் பார்ப்பதில்லை. அதனால் ஒன்று, தேவையில்லாததையும் திரும்பச் செய்வார்கள். இல்லாவிட்டால், தேவையானதைச் செய்யாமல் விடுவார்கள். எதுவுமே மாறவில்லை என்று உறுதிசெய்யவே நிமிடக்கணக்கில் ஆகும். கணினியின் செயலியில் எட்டு கோர் இருந்தாலும், ஒரு மாட்யூலின் கடைசி வேலை முடியும்வரை மற்ற ஏழும் சும்மா காத்திருக்கும்.

ஓப்பன் ஆபிஸ் காலத்தில் வெளியாட்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வினியோகங்களுக்காக, நாவெல் நிறுவனத்தினர் முன்னின்று, ஓப்பன் ஆபிஸின் மேல் ஒட்டவேண்டிய பேட்ச்களின் பெரிய மூட்டை ஒன்றையும் அதைக் கட்டும் ஸ்கிரிப்ட்களையும் தனியாகப் பராமரித்துவந்தார்கள். பேட்சை மூலத்திலேயே சேர்க்க வேண்டுமென்றால் பதிப்புரிமை ஒப்பந்தம், நீண்ட காத்திருப்பு. வாசல் குறுகலாக இருந்தால் பக்கத்துச் சுவரில் ஏணி சாய்ப்பதுதானே நடக்கும்.

2010இல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்த லிப்ரே ஆபிஸும் அதை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும் அறிவிக்கப்பட்டன. இப்போது நிலைமை தலைகீழ். ஒரே அலுவலகத்தில் வந்து உட்காரும் புதியவரும் இல்லை, அவருக்குப் பக்கத்து இருக்கையில் சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. முன்பின் தெரியாதவர் எங்கிருந்தோ வந்தால்தான் திட்டம் பிழைக்கும். அடுத்த மூன்று ஆண்டுகளில் அவர்கள் செய்ததில் பயனருக்குத் தெரிந்த வசதிகளைவிட, தெரியாத துப்புரவு வேலைதான் என்னைப் பொறுத்தவரை பெரியது. ஜெர்மன் குறிப்புகளை மொழிபெயர்த்தார்கள். யாரும் அழைக்காத நிரல்களைத் தூக்கி எறிந்தார்கள். இருபதுக்குப் பக்கமாகச் சிதறிக்கிடந்த கிட் களஞ்சியங்களை ஒன்றாக்கினார்கள். டிமேக்கை மாட்யூல் மாட்யூலாகக் கழற்றி, ஓப்பன் ஆபிஸ் காலத்திலேயே பியோர்ன் மிக்கேல்சன் போன்றவர்கள் தொடங்கியிருந்த ஜி-பில்டு என்ற புதிய முறைக்கு மாற்றினார்கள். 2013 வாக்கில்தான் அந்த மாற்றம் முடிந்தது. விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே எஞ்சினை மாற்றுவார்களே, அந்த மாதிரி. இடையில் வெளியீடு எதுவும் நிற்கவில்லை.

ஜி-பில்டு புது மொழி எதுவும் இல்லை. குனு மேக்கின் மேல், அதன் மாக்ரோக்களை, அதாவது சுருக்கக் கட்டளைகளை, வைத்தே எழுதியது. ஒரே மேக் முழு மரத்தையும் தெரிந்துவைத்திருக்கும். மாக்ரோக்களின் உள்ளே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் புதியவர் அங்கே போகவேண்டிய அவசியம் அநேகமாக வராது. அவர் பார்ப்பது ஒரு பட்டியல்: இந்த லைப்ரரிக்கு இந்தக் கோப்புகள், இது இந்த லைப்ரரிகளைச் சார்ந்தது, அவ்வளவுதான். புதிதாக ஒரு கோப்பு எழுதினால் அகரவரிசையில் உரிய இடத்தில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும், கடைசியில் ஒரு பின்சாய்வுக்கோடு. அந்தக் கோட்டுக்குப் பிறகு தெரியாமல் ஒரு வெற்றிடம் விழுந்துவிட்டால், எங்கோ ஓர் அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று மேக் புலம்பிவிட்டு நின்றுவிடும். கண்ணால் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இதில் அரை மணி நேரம் தொலைக்காதவர்கள் குறைவு.

சரி, இன்று ஒருவர் தொடங்கினால் என்ன நடக்கும்? காகிதத்தில் நாலே படி. கிட் குளோன் செய்து மூலநிரலை இறக்க வேண்டும், இயந்திரத்தை விசாரிக்கும் ஆட்டோஜென் ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும், மேக் என்று தட்ட வேண்டும், இன்ஸ்ட்டிர் என்ற அடைவில் உருவாகியிருக்கும் நிரலைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் எங்கே கால் இடறும் என்பதுதான் சொல்லவேண்டிய விஷயம்.

குளோன் சில ஜிபி வரும். கிட் குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்துதான். போன் ஹாட்ஸ்பாட்டில் தினசரி ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று வாழ்பவருக்கு இது முதல் சுவர். வரலாறு வேண்டாம், கடைசி நிலை மட்டும் போதும் என்று ஆழம் குறைத்து எடுக்கலாம். முழு வரலாறும் வேண்டுமென்றால், சாதாரண டவுன்லோடாக விட்டுவிட்டு இறக்கக்கூடிய ஒரு தொகுப்பையும் திட்டத்தினரே தந்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் மெதுவான இணைப்பில் தவித்துக் கேட்டிருக்காவிட்டால் இந்த ஏற்பாடு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஆட்டோஜென். உபுண்டு, டெபியனில் லிப்ரே ஆபிஸுக்கான பில்டு சார்புகளை ஒரே ஆப்ட் கட்டளையில் நிறுவிவிடலாம். ஆனால் அது நம் வினியோகத்தில் இருக்கும் பழைய பதிப்புக்கான சார்புகளைத்தான் நிறுவும். மேம்பாட்டுக் கிளை புதிய கம்பைலரைக் கேட்கும், ஆண்டுக்காண்டு அந்த வரம்பு ஏறிக்கொண்டே போகும். நாலு வருடம் பழைய உபுண்டுவை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுபவர் தன் அறிவில் குறை என்று நினைத்துக்கொள்வார். குறை கம்பைலரின் வயதில் இருக்கும். ஏதாவது லைப்ரரி இல்லையென்றால், எதை நிறுவ வேண்டும் அல்லது எந்த விருப்பத்தைக் கொடுத்து அதைத் தவிர்க்கலாம் என்று பெரும்பாலும் பிழைச் செய்தியே சொல்லிவிடும். விருப்பங்களை ஒவ்வொரு முறையும் தட்டாமல் ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஜாவா வேண்டாம் என்று அதில் ஒரு வரி போட்டாலே முதல் முறை ஒரு தலைவலி குறையும்.

பிறகு மேக். முதலில் வெளி லைப்ரரிகளின் மூலங்களை இறக்கும். பூஸ்ட், ஐ-சி-யு, ஹார்ஃப்பஸ் என்று நீளமான வரிசை. ஹார்ஃப்பஸ் என்பது “கொ” என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் சரியாக வைக்கிற லைப்ரரி. அது இல்லாவிட்டால் தமிழ் இல்லை. அடுத்து வருவது கம்பைல். இணையாக எத்தனை வேலை ஓட்டலாம் என்பதைக் கணினியின் கோர் எண்ணிக்கையைப் பார்த்து அமைப்பே முடிவு செய்துகொள்ளும். கோரைப் பார்க்கிறதே தவிர ராமைப் பார்ப்பதில்லை. எட்டு கோர், 8 ஜிபி ராம் உள்ள மடிக்கணினியில் எட்டு கம்பைலர்கள் ஒன்றாக ஓடினால், நினைவகம் தீர்ந்து லினக்ஸ் கெர்னல் ஏதோ ஒரு கம்பைலரைக் கொன்றுவிடும். திரையில் “கில்டு” என்ற ஒரே சொல். நிரலில் ஏதோ பிழை என்று நினைத்து நானும் ஒருமுறை ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன். இணை வேலைகளை மூன்றாகக் குறைத்ததும் ஓடியது. நேரம் மட்டும் இரவு முழுக்க ஆனது. பிழை தேடுவதற்கான டீபக் தகவல்களோடு பில்டு செய்தால் வட்டில் பல பத்து ஜிபி பிடிக்கும், லிங்கர் கட்டத்தில் ராமும் கூடுதலாகக் கேட்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த வலி ஒருமுறைதான். அடுத்த முறை மாறிய கோப்பும் அதைச் சார்ந்தவையும் மட்டும் ஓடும்; ஒரு மாட்யூலை மட்டும் தனியாகவும் ஓட்டலாம். கிளை மாற்றி மாற்றி வேலை செய்பவர்களுக்கு சி-கேஷ் உதவும். ஒரே உள்ளீட்டை மறுபடி கம்பைல் செய்யச் சொன்னால் பழைய விடையையே எடுத்துக்கொடுக்கும் கருவி அது. சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை எழுதிய ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 2002இல் எழுதியது. முதல் பில்டுக்கு முன்பே அதை நிறுவிவிட வேண்டும் என்பதைப் பலர் இரண்டாவது பில்டின்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

விண்டோஸில் பாடு இன்னும் கூடுதல். விண்டோஸில் யூனிக்ஸ் கருவிகளைத் தரும் சிக்வின், மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ, இவற்றுக்கு நடுவே பாதைப் பெயர்களின் குழப்பம். விண்டோஸில் புதுப் புராசஸ் ஒன்றைத் தொடங்குவதே மெதுவான காரியம். யூனிக்ஸ் பாணி பில்டோ லட்சக்கணக்கில் தொடங்கும். இதற்கென்றே தனி நிறுவல் ஸ்கிரிப்ட்களும் விண்டோஸுக்கெனக் கம்பைல் செய்த மேக்கும் வைத்திருக்கிறார்கள். இதை இங்கே விரித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

பிழை வந்தால் கடைசி வரியைப் பார்க்கக் கூடாது. எட்டு வேலைகள் இணையாக ஓடும்போது ஒன்று விழுந்தாலும் மற்ற ஏழும் தங்கள் வரிகளை அச்சிட்டு முடித்துத்தான் நிற்கும். உண்மையான பிழை நூறு வரி மேலே புதைந்திருக்கும். கடைசியில் நிற்கும் “மேக்: பிழை 2” என்பது சாவு அறிவிப்பு மட்டும்தான், காரணம் அதில் இருக்காது. ஒரே வேலையாக மறுபடி ஓட்டினால் காரணம் கீழேயே வந்து நிற்கும். உதவி கேட்டு வருபவர்கள் அந்தக் கடைசி இரண்டு வரியைத்தான் படம் எடுத்து அனுப்புவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லாதபோது எல்லோரும் கடைசி வரியைத்தான் பார்ப்பார்கள்.

இங்கேதான் ஜி-பில்டில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் வருகிறது. நிரலின் ஒரு சிறு பகுதியைச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் ஒன்று தோற்றால், தோற்றது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாது. “பின்வருவனவற்றில் ஒன்றைச் செய்யுங்கள்” என்று தொடங்கி, அந்த ஒரு டெஸ்டை மட்டும் மறுபடி ஓட்டுவதற்கான கட்டளை, டீபக்கருக்குள் ஓட்டுவதற்கான கட்டளை, நினைவகக் கோளாறு தேட வால்கிரைண்டுடன் ஓட்டுவதற்கான கட்டளை என்று அப்படியே நகலெடுத்து ஒட்டும்படி எழுதிக் காட்டும். அலுவலகமாக இருந்தால் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கக்கூடிய மூன்று வாக்கியங்கள் அவை. யாரோ ஒருவர் இதே கேள்விக்குப் பல முறை பதில் சொல்லி அலுத்துப்போய்க் கடைசியில் பதிலை மேக் கோப்புக்குள்ளேயே எழுதிவிட்டார் போலிருக்கிறது. விக்கியில் எழுதியிருந்தால் அது பழசாகிப்போயிருக்கும். இங்கே எழுதியது பில்டோடு சேர்ந்து ஓடுகிறது. தப்பாகிப்போனால் அன்றே தெரிந்துவிடும்.

ஆவணங்கள் பழசாவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. எழுதத் தெரிந்தவர் கணினியில் எல்லாம் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும். அவர் கடைசியாக வெறும் கணினியில் தொடங்கி ஐந்து வருடம் ஆகியிருக்கும். எட்டாவது படியில் ஒரு பேக்கேஜின் பெயர் மாறிவிட்டதை அவரால் பார்க்கவே முடியாது. அதைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அன்று காலை வந்தவர். அவருக்கோ தப்பு ஆவணத்திலா தன்னிடமா என்று சொல்லும் தைரியம் இருக்காது. நல்ல திட்டங்களில் புதியவரின் முதல் பேட்சாக வழிகாட்டியில் ஒரு வரித் திருத்தத்தையே கேட்டு வாங்குவார்கள். லிப்ரே ஆபிஸின் ஈஸி ஹேக்ஸ் என்ற ஏற்பாடும் இதே மனநிலையில் வந்ததுதான். தொடங்குபவருக்கு ஏற்ற சிறு வேலைகளைப் பக்சில்லா என்ற பிழைப் பதிவேட்டில் தனிச் சொல்லால் குறித்து, எவ்வளவு கடினம், எந்தத் திறமை வேண்டும், எந்தக் கோப்பில் தேடலாம் என்றுகூட எழுதி வைத்திருப்பார்கள். பழைய ஆள் அந்த வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். விளக்கி எழுதி வைக்கவே அரை மணி ஆகும். அந்தக் கூடுதல் இருபது நிமிடத்தைச் செலவழிக்க மனம் வருகிறதா என்பதில்தான் திட்டத்துக்குத் திட்டம் வேறுபாடு.

பேட்ச் தயாரானதும் கெரிட் என்ற மதிப்பாய்வுத் தளத்துக்கு அனுப்பினால், ஜென்கின்ஸ் என்ற தானியங்கிக் கருவி அதை லினக்ஸ், விண்டோஸ், மேக்-ஓஎஸ் மூன்றிலும் பில்டு செய்து பார்க்கும். இதைக் காவல்காரராகத்தான் பலரும் நினைக்கிறார்கள். விண்டோஸ் கணினி இல்லாத ஒருவருக்கு அதை வாடகையில்லாமல் கொடுக்கும் ஏற்பாடும் அதுதான் என்று நான் சொல்வேன்.

ஃபயர்பாக்ஸ்காரர்கள் வேறு திசையில் போனார்கள். அவர்களிடம் மாக் என்ற ஒற்றைக் கருவி இருக்கிறது. அதனிடம் பூட்ஸ்ட்ராப் என்று சொன்னால் கம்பைலர் உட்பட வேண்டியதையெல்லாம் அதுவே இறக்கி நிறுவிக்கொள்ளும். எந்த வகை பில்டு வேண்டும் என்று கேட்கும்போது ஆர்ட்டிஃபேக்ட் பில்டு என்று ஒன்றையும் காட்டும். சி++, ரஸ்ட் பகுதிகளை நம் கணினியில் கம்பைல் செய்யாமல், மொசில்லாவின் சர்வர்கள் ஏற்கெனவே செய்துவைத்ததை இறக்கிக்கொண்டு, ஜாவாஸ்கிரிப்ட், சி-எஸ்-எஸ் போன்ற மேல்பகுதியை மட்டும் நாம் கட்டலாம். மணிக்கணக்கு நிமிடக்கணக்காகிவிடும். இடைமுகத்தில் ஒரு பொத்தானைத் திருத்த வந்தவர் எதற்காக முழு எஞ்சினையும் வார்க்க வேண்டும் என்ற எளிய கேள்விக்கு இது பதில். லினக்ஸ் கெர்னலிலும் இதன் சாயலில் ஒன்று உண்டு: இப்போது இந்தக் கணினியில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்கள் எவை என்று பார்த்து அவற்றை மட்டும் கட்டச் சொல்லும் மேக் இலக்கு. ஆயிரக்கணக்கான டிரைவர்களில் நம் மடிக்கணினிக்கு வேண்டியவை மிகச் சிலதானே.

ஒரே கட்டளையில் எல்லாம் என்பதற்கு மறுபக்கமும் இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே ஓட்டிப் பழகியவருக்கு, அது நின்றுபோகும் நாளில் தொடங்கவே இடம் தெரியாது. டாக்கர் பிம்பம் என்ற தயார்நிலைப் பொதிக்குள் எல்லாவற்றையும் அடைத்துக் கொடுத்துவிட்டால் முதல் நாள் சுகம். ஆனால் அந்தப் பிம்பத்தைப் பராமரிப்பவர் ஒருவரோ இருவரோதான், அவர்கள் போனால் அதுவும் சால்வர் கதைதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், முதல் நாளைச் சுலபமாக்கும் பக்கமே நான் நிற்பேன். உள்ளே வந்தவருக்குப் பிறகு கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது.

யாரும் படிக்காத பில்டு ஸ்கிரிப்ட் என்பது வெறும் சங்கடம் மட்டுமில்லை என்று 2024 மார்ச் மாதம் உலகமே பார்த்தது. எக்ஸ்-இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், அத்துமீறி நுழைவதற்கான ரகசிய வழி, அதாவது பின்கதவு, வைக்கப்பட்டிருந்தது. சி நிரலைப் பார்த்தால் கிடைக்காது. டெஸ்ட் கோப்புகள் என்ற பெயரில் இருந்த பைனரிகளில் ஒளித்துவைத்து, அவற்றை வெளியே எடுக்கும் வேலையை ஆட்டோகான்ஃப் பயன்படுத்தும் ஒரு மாக்ரோ கோப்பில் செருகியிருந்தார்கள். அந்த மாக்ரோ கிட்டில் இல்லை, வெளியீட்டுக்காகக் கட்டித் தரும் தார் கோப்பில் மட்டும் இருந்தது. வேறோர் இடத்தில், சி-மேக் என்ற இன்னொரு பில்டு கருவிக்கான கோப்பில் நடுவே ஒரு முற்றுப்புள்ளி. அதனால் ஒரு பாதுகாப்பு வசதிக்கான சோதனை எப்போதும் தோற்றுக்கொண்டிருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்-எஸ்-ஹெச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் தோண்டிப் பார்த்ததால் வெளியே வந்தது. “அதெல்லாம் ஆட்டோகான்ஃப் சமாச்சாரம், தொடாதே” என்று எல்லோரும் ஒதுங்கிப்போகும் மூலையைத்தான் தாக்கியவர் தேர்ந்தெடுத்தார். வெளியாள் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய பில்டு என்பது, வெளியாள் சந்தேகப்படக்கூடிய பில்டும்தான்.

ஞாயிறு மாலை விட்டுவிட்டுப் போனவரிடம் திரும்புவோம். இணை வேலைகளைக் குறைத்து, மறுவாரம் அவர் மறுபடி ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விருப்பக் கோப்பில் மொழி தமிழ் என்று ஒரு வரி சேர்த்தால், மொழிபெயர்ப்புகளுக்கான துணைக் களஞ்சியமும் வந்துசேரும். காலையில் எழுந்து பார்க்கும்போது மேக் முடிந்திருக்கிறது. இன்ஸ்ட்டிரிலிருந்து திறந்தால் லிப்ரே ஆபிஸ்டெவ் என்ற பெயரோடு ஒரு சாளரம் வருகிறது. ஏற்கெனவே நிறுவியிருக்கும் லிப்ரே ஆபிஸின் அமைப்புகளை அது தொடாது. தன் பயனர் விவரங்களைத் தன் அடைவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். மெனுவில் தமிழ். பொத்தான் வெட்டுப்படவில்லை. பேட்சை அனுப்புகிறார், தன் பங்களிப்புகள் எந்த உரிமத்தில் என்று ஒரு மின்னஞ்சலும் கேட்பார்கள், அதையும் அனுப்புகிறார்.

இரண்டு நாள் கழித்து மதிப்பாய்வில் ஒரு பழைய ஆள் பேட்சை ஏற்றுக்கொண்டு, போகிறபோக்கில் ஒரு வரி எழுதலாம்: உரையாடல் பெட்டிகளின் வடிவமெல்லாம் இப்போது வெறும் எக்ஸ்-எம்-எல் கோப்புகள்தான், நிறுவிய லிப்ரே ஆபிஸின் அடைவிலேயே படிக்கும்படியாக இருக்கின்றன, அங்கேயே ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டுத் திருத்தி, நிரலை மூடித் திறந்தாலே பார்த்திருக்கலாமே, இதற்கு எதற்கு முழு பில்டு?